வளையாத அம்புகள்

அண்ணன் அந்த நீளக் குழாயைக் கவிழ்த்ததும் அம்புகள் சடசடவென்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டன. கன்னங்கரேல் என்று, பென்சிலைவிட மெல்லிசாக, வாலில் மஞ்சள் பிளாஸ்டிக் தகடு ஒட்டி. அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து பார்த்த எனக்கு யாரோ டிவி ஏரியலைப் பிரித்துக் கொண்டுவந்த மாதிரிதான் தெரிந்தது. அண்ணனோ சீர் வரிசை பரப்புகிறவனைப் போல ஒவ்வொன்றாக எடுத்து என் கணவர் முன்னால் அடுக்கினான். பிரான்சில் மார்சே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியதாம்.

"கார்பன் மச்சான்! தூக்கிப் பாருங்க, வெயிட்டே இருக்காது. ஆனா ஒடையாது. கடைக்காரன் வில்லுக்கு எவ்ளோ பலம்னு கேட்டான். எங்கப்பா வில்லுலா, நல்ல ஆம்பளையா இருந்தாத்தான் இழுக்க முடியும்னு சொன்னேன். அவன் உள்ள போயி, இருக்கிறதுலயே வெறப்பான அம்பு இதுதான்னு எடுத்தாந்தான்."

என் கணவர் பெயர் சேது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினார். இவர் ஓர் அம்பை எடுத்து இரண்டு முனைகளையும் இரண்டு முழங்காலில் வைத்து நடுவில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கினார். பிறகு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்த வில்லை ஒரு பார்வை, அங்கிருந்து என்னை ஒரு பார்வை. "அருமையா இருக்கு மச்சான்" என்று சொல்லிவிட்டு அம்பை மெதுவாகக் கீழே வைத்தார்.

எண்பத்தெட்டாம் வருட நவராத்திரி அது. கோலசிலாங்கூரிலிருந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டுக்குள் நுழையும் கல் ரோட்டின் கடைசியில் எங்கள் ஆற்றங்கரைத் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று போர்டில் இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. விஜயதசமி அன்று சாயங்காலம் எங்கள் மாரியம்மன் ரதத்தில் ஏறித் திடலுக்கு வருவாள். அங்கே ஒரு வாழை மரத்தை நட்டு வைத்து, அதுதான் அசுரன் என்போம். கோயில் வில்லில் அம்பு தொடுத்து அந்த வாழையில் அடிக்க வேண்டும். பட்டால் உறுமி காதைப் பிளக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு போவார்கள். தவறினால் போச்சு. அடுத்த நவராத்திரி வரைக்கும் யார் வீட்டில் மாடு செத்தாலும் அந்த அம்பைத்தான் சொல்வார்கள். அந்த வில்லை நிபோங் என்கிற காட்டுப் பனை மரத்தில் செய்தவர் என் அப்பா. உயிரோடு இருந்தவரை அதில் அம்பு விட்டவரும் அவர்தான். போன வருடம்தான் முதல்முறையாக அது மருமகன் கைக்கு வந்தது.

அண்ணன் தனபாலனுக்குத் தெரிந்த அப்பா வேறு. அவனுக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, வில்லை இறக்கி இழுத்துப் பார்த்தான். நாண் ஒரு சாண்கூட வரவில்லை, விரல்தான் அறுந்தது. ஈரத் துண்டோடு வந்து நின்ற அப்பா அடிக்கவில்லை. லயத்து வீடுகள் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அந்த வில்லையும் அண்ணன் கப்பல் கப்பலாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். கடைசியாக என் கல்யாணத்துக்கு வந்தபோதுகூட அப்பா அரிசி மூட்டையைத் தோளில் போட்டு நடந்ததைத்தான் பார்த்துவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தது. முதலில் மூச்சு, அப்புறம் கை நடுக்கம், அப்புறம் எல்லாம். "எம்மவன் என்னையப் பாத்த மாதிரியே நெனைச்சிக்கிட்டு இருக்கட்டும். அவனுக்குச் சொன்னீங்க, பொணமாக்கூட ஒங்ககிட்டப் பேச மாட்டேன்" என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். அவர் போனபோது அண்ணன் கப்பல் பிரேசில் பக்கம் எங்கோ இருந்தது. கிள்ளானில் உள்ள கப்பல் ஆபீசுக்குப் போன் போட்டு, தூக்கத்தில் போய்விட்டார் என்று சேதி சொல்லச் சொன்னோம். தூக்கத்தில் போனது உண்மைதான். அதற்கு முன்னால் எத்தனை ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் கோபக்காரன் என்பதைவிட, ஒரு விஷயத்தில் மட்டும் மன்னிக்கவே தெரியாதவன் என்று சொல்லலாம். அம்மா இறந்த அன்று அவன் பள்ளிக்கூடப் பந்து ஆட்டத்துக்காகச் சுங்கை பெசாரில் இருந்தான். பிள்ளை ஆடி முடிக்கட்டும் என்று அப்பா ஆள் அனுப்பத் தாமதித்துவிட்டார். கழுத்தில் வெற்றி மாலையோடு வந்து இறங்கியவன் வாசலில் பாடையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அப்பாவோடு சரியாகப் பேச அவனுக்குப் பல வருடம் பிடித்தது. பேச ஆரம்பித்தபோது கப்பலில் இருந்தான். இரண்டாவது தடவையும் மறைத்தோம் என்று தெரிந்தால் இந்த வாசற்படியில் காலை வைக்க மாட்டான். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான். அவனும் போய்விட்டால் தீபாவளிக்கு எனக்கு யாரும் இல்லை.

விஷயம் என்னவென்றால், அந்த வில் பழைய வில் இல்லை. கையில் பலம் குறையக் குறைய அப்பா அதைச் சுரண்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நவராத்திரிக்கு முன்னாலும் உடைந்த போத்தல் கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு, வில்லின் உட்பக்கத்தை மேலிருந்து கீழாகச் சீவுவார். மாவு மாதிரி தூள் மடியில் விழும். இழுத்துப் பார்ப்பார், மறுபடி சீவுவார். பிறகு தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து, "இந்த வருசம் நல்லா வளையுதுலா" என்பார், என்னமோ வில்தான் பெரிய மனது பண்ணி இளகிக் கொடுத்த மாதிரி. மூங்கில் அம்புகளையும் அதற்குத் தகுந்தாற்போல ஒல்லியாக்கினார். கடைசி வருடம் அந்த வில்லை நானே காதுவரை இழுத்திருப்பேன். அண்ணன் வாங்கி வந்தவை இந்த வில்லுக்கான அம்புகள் இல்லை, இருபது வருடத்துக்கு முந்தைய அப்பாவுக்கான அம்புகள். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது?

மறுநாள் அண்ணன் யாரிடமோ மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பழைய பந்துக் கூட்டாளிகளைப் பார்க்கச் சுங்கை பெசார் போனான். மத்தியானம் இவர் வேலை முடிந்து வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வில்லை எடுத்துக்கொண்டு பழைய லயத்துக்குப் பின்னால் இருந்த வாழைத் தோப்புக்குப் போனோம். காப்பு கட்டியவரைத் தவிர வேறு யாரும் வில்லில் நாண் ஏற்றக் கூடாது என்பது கோயில் கட்டு. காப்பு இவர் கையில் இருந்தது. நான் பக்கவாட்டில் நின்று அம்பு எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியது.

முதல் அம்பு வில்லை விட்டதுமே இடப்பக்கமாக விலகி, வாலை ஆட்டிக்கொண்டு போய், வாழைக்கு ஓர் ஆள் தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கோணலாக வந்து மரத்தில் பக்கவாட்டில் அறைந்து கீழே விழுந்தது.

"என்னாங்க இது, குடிச்ச ஆளு மாதிரி போகுது?"

"வில்லுக்கு நடுவுல ஓட்டையா போட்டிருக்கு? பக்கத்துல வெச்சுத்தான விடுறோம். அப்ப அம்பு கொஞ்சம் நெளிஞ்சு வில்லச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். இது நெளிய மாட்டேங்குது. கைப்பிடியில இடிச்சிக்கிட்டு அந்தப் பக்கமா ஓடுது." இவர் அம்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "திலகம், பேசாம மச்சான்கிட்டச் சொல்லிரலாம். அம்ப மாத்துறத விட அது லேசு."

"ஒங்களுக்கு லேசு. மூங்கில் அம்பையே விடுங்களேன்."

"மச்சான் காலையிலயே கடையில நின்னு பிரான்ஸ் அம்பு, பிரான்ஸ் அம்புன்னு தோட்டம் பூரா சொல்லியாச்சு. பூசாரிகிட்டயும் சொல்லியாச்சு. விடலன்னா ஏன்னு கேப்பாரு. வில்லு தாங்கலன்னு சொன்னா வில்லுக்கு என்னா ஆச்சுன்னு கேப்பாரு."

நான் இவர் கையிலிருந்த அம்புகளை வாங்கி மண்ணைத் துடைத்தேன். இவரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததுதான் இவர் குணம், அதனால்தான் நான் நினைத்தது எப்போதும் நடந்துவிடும்.

முதலில் இவர் செய்தது தப்பு. அம்பு நீளம் அதிகம், அதுதான் இப்படி ஆடுகிறது என்று நினைத்து, ஒன்றை ரம்பத்தால் அறுத்து, முனையைத் திரும்ப ஒட்டி விட்டுப் பார்த்தார். அறுத்த அம்பு வாழை இருப்பதையே கவனிக்காத மாதிரி இடப்பக்கம் பாய்ந்து ஒரு செம்பனை மட்டையில் போய்க் குத்திக்கொண்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன். இவருக்கோ சிரிப்பு. "குட்டைக் கம்பு வளையுமா? நீளமா இருந்தாத்தான வளையும். ஒண்ணு போனாப் போகுதுலா, வழி தெரிஞ்சிருச்சு" என்றார். பிரான்சிலிருந்து கடல் தாண்டி வந்த பொருளை ரம்பத்தால் அறுத்துவிட்டு இப்படிச் சிரிக்கிற ஆளை என்ன செய்வது!

டிராக்டருக்கு வருவதற்கு முன்னால் இவர் குலை அறுக்கிற வேலையில் இருந்தவர். நீளக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டிச் செம்பனைக் குலையை அறுக்கும்போது, அரிவாள் கனத்தால் கழி தானாக நெளியும். அதை நினைத்துக்கொண்டுதான் அம்பின் முனைக்குக் கனம் ஏற்றினார். டிராக்டரின் பழைய டைனமோவிலிருந்து செப்புக் கம்பியை உருவி, முனைக்குப் பின்னால் நெருக்கமாகச் சுற்றிப் பசை போட்டார். கொஞ்சம் சுற்றுவது, விட்டுப் பார்ப்பது, இன்னும் கொஞ்சம் சுற்றுவது. அம்பு இடப்பக்கம் விலகுவது குறைந்தது.

அடுத்து அந்த மஞ்சள் பிளாஸ்டிக். அது விறைப்பாக நின்று போகிற போக்கில் கைப்பிடியில் தட்டியது. இறகாக இருந்தால் மடங்கிக் கொடுக்கும் என்றார். அடுத்த வீட்டுச் சின்னத்தாய் அக்கா வளர்த்த வான்கோழியின் சிறகுதான் வேண்டும். அதுவும் ஓர் அம்புக்கு ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்த இறகு. அந்த வான்கோழியை நான் சாக்கோடு துரத்திய கூத்தைச் சொன்னால் ரவாங்கில் இருக்கும் என் பேத்திகள் இப்போதும் நம்புவதில்லை. "சாமி காரியம்னு சொல்றியே, என் கோழிய நிர்வாணமா விட்டுராத புள்ள" என்று அக்கா வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். நவராத்திரி என்பதால் லயம் முழுக்கச் சுண்டல் வாசம். பால்வாடிப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த வாரம் நான் அவ்வளவு பயத்தில் இருந்தேன். அவ்வளவு சிரிக்கவும் சிரித்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் எங்கள் கல்யாணம் அந்த வாரத்தில்தான் நடந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

இறகு ஒட்டிய அன்று சாயங்காலம் அண்ணன் வந்து அம்பைப் பார்த்துவிட்டான்.

"என்னா மச்சான், பிரான்ஸ்காரன் ஒட்டுனது நல்லால்லியா?"

"சாமிக்குப் பிளாஸ்டிக் ஆகாதாம் மச்சான்."

"இந்தச் செப்புக் கம்பி?"

இவர் கம்பியை விரலால் தடவினார். "அது அம்மனுக்கு ஒரு நகை மாதிரி இருக்கட்டும்னு..."

நான் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அண்ணனுக்கோ அது ரொம்பப் பிடித்துவிட்டது. அம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"திலகா, அப்பா கடேசியா விட்டாரே, அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

அன்றைக்கு இவரும் பூசாரியும் அப்பாவை இரண்டு பக்கமும் தாங்கி நிறுத்தினார்கள். அம்பு வாழைப் பட்டையில் லேசாகக் குத்தி, தொங்கி, விழுந்தது. விழுந்ததை யாரும் பார்க்காத மாதிரி கூட்டம் முழுக்க ஓவென்று சத்தம் போட்டது. அன்றைக்கு எங்கள் தோட்டத்து சனங்களை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வாழையிலதான் பட்டுச்சு அண்ணே" என்றேன்.

"படும்லா. அந்தக் கைக்கு வாழ எம்மாத்திரம்" என்று அவன் தனக்குள் சிரித்துக்கொண்டான். நான் உள்ளே போய் அரிசியைக் களைய ஆரம்பித்தேன். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தேன்.

அவ்வளவு செய்தும் அம்பு ஒரு கையளவு இடம் தள்ளியே விழுந்தது. இனிமேல் அம்பில் செய்வதற்கு ஒன்றும் இல்லை, கைப்பிடிதான் பாக்கி என்றார் இவர். எங்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மஞ்சளில் நனைத்த துணியைக் கிழித்து வில்லின் கைப்பிடியில் சுற்றுவோம். பழையதை எடுப்பதில்லை, அதன் மேலேயே புதுசு. வருடம் கூடக் கூடக் கைப்பிடி பருத்து, அம்பை நடுவிலிருந்து வெளியே தள்ளியிருந்தது. துணியை எடுத்துவிட்டால் அம்பு நடுவுக்கு நெருங்கி வரும். அவ்வளவு நெளிய வேண்டியதில்லை.

"எடுக்கலாமா? அப்பா சுத்துனது."

"நீதான் எடுக்கணும். நான் தொட மாட்டேன்" என்று வில்லை என் மடியில் வைத்தார்.

மேலே இருந்தது போன வருடம் இவர் சுற்றியது. அதற்குக் கீழே இருந்தவை என் முடிச்சுகள். அப்பாவின் விரல் முடிச்சுப் போட மறுத்த வருடங்களில் நான்தான் கட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இறுக்கிக் கட்டு, இன்னும் இறுக்கு என்று அதட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் கீழே அவருடையவை. நகத்தால் பிரிக்க முடியாத அளவுக்கு இறுகியிருந்தன. ஊக்கால் நெம்பித்தான் பிரித்தேன். மஞ்சள் போய்ப் பழுப்பாகி, எண்ணெயும் வியர்வையும் ஊறி, துணியா தோலா என்று தெரியவில்லை. ஒன்றை மூக்கருகே கொண்டு போனேன். அப்பா வாசனை எதுவும் இல்லை, பழந்துணி வாசனைதான் இருந்தது. அதற்காகத்தான் எனக்கு அழுகை வந்தது. இவர் எழுந்து போய் வாழை இலையெல்லாம் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்பு நேராகப் போனது. வாலாட்டம் இல்லை, இடப்பக்கம் இல்லை. போய் வாழையில் நட்ட நடுவில் வால்வரைக்கும் இறங்கி நின்று மெல்ல அதிர்ந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தம் போட்டால் யாராவது வருவார்கள் என்று நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் குதித்தோம்.

விஜயதசமி அன்று மழை இல்லை. திடலில் நல்ல கூட்டம். அண்ணன் அன்று ராத்திரியே கிள்ளான் போய்க் கப்பல் ஏற வேண்டும். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு வேன் வருவதாக ஏற்பாடு. வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக, பெட்டியை எங்கள் வாசலில் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தான். அம்மன் வந்து நின்றாள். பூசாரி சன்னாசி வில்லுக்கும் அம்புக்கும் தீபம் காட்டினார். இவர் கையை நீட்டினார். பூசாரி கொடுக்கவில்லை. கூட்டத்தில் தேடி, "தனபாலு, இங்க வா" என்றார்.

"மகன் இருக்கிறப்ப மருமகன் எதுக்கு? இன்னிக்கு நீ விடு."

"காப்பு நான்தானே சாமி கட்டியிருக்கேன்" என்று இவர் அவசரமாகச் சொன்னார்.

"கட்டுனாப் போச்சு." பூசாரி மடியிலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்து அண்ணன் மணிக்கட்டில் கட்டினார். "சுத்தமாத்தானப்பா இருக்க?" என்று கேட்டார். "ஆமா சாமி" என்றான் அண்ணன். சுங்கை பெசாரில் அவன் சாப்பிட்டு வந்த மீனின் வாசனை எனக்குத் தெரியும். எங்கள் அம்மன் அதையெல்லாம் பெரிதுபடுத்தமாட்டாள். என் பயம் வேறு.

அண்ணன் வில்லை நெற்றியில் ஒற்றிக்கொண்டான். அம்பைப் பொருத்தினான். காலை அகட்டி, மூச்சை நிறைய உள்ளே இழுத்து, தோளை விறைத்துக்கொண்டு, எட்டு வயதில் இழுக்க முடியாத அந்த வில்லை மொத்த பலத்தையும் போட்டு இழுத்தான். அது சுலபமாக வந்தது. அவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாததால் ஓரடி தடுமாறிப் பின்னால் போனான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவன் நாணை மெதுவாகத் தளர்த்தினான். வில்லைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினான்.

"வில்ல மாத்திட்டீங்களா மச்சான்?"

"இல்ல மச்சான். அதே வில்லுதான். மழ ஈரம், அதான் கொஞ்சம் எளகி..."

இவர் எனக்காகத்தான் சொன்னார். ஆனால் அண்ணனின் கட்டைவிரல் அந்தச் சுரண்டிய இடத்தைவிட்டு நகரவில்லை. கண்ணாடி ஓடிய ஒவ்வொரு கோடும் அந்த விரலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அப்பா சுரண்டுனது அண்ணே."

"எப்ப?"

"ஒவ்வொரு நவராத்திரிக்கும். கொஞ்சம் கொஞ்சமா. அப்பாவால முடியல."

உறுமிக்காரர் எங்களைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அம்பைத்தான் பார்த்தான். முனையில் செப்புக் கம்பி, வாலில் வான்கோழி இறகு. பிறகு ஒற்றை மஞ்சள் துணி மட்டும் சுற்றி ஒடுங்கிப் போயிருந்த கைப்பிடியை. அதற்குப் பிறகு இவரை.

"அப்ப இதெல்லாம்..."

இவர் திருட்டு மாங்காயோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

"நேரமாவுதுப்பா, தீபம் அணையப் போவுது" என்றார் பூசாரி.

அண்ணன் திரும்பினான். இந்தத் தடவை தோளை விறைக்கவில்லை. வில் எவ்வளவு கேட்டதோ அவ்வளவுதான் இழுத்தான். அம்பு போனது எனக்குத் தெரியவே இல்லை. வாழை மரம் ஒரு தடவை அசைந்தது. மூங்கில் அம்பு குத்தி நிற்கும். இது நிற்கவில்லை, மரத்தை ஊடுருவிக்கொண்டு அந்தப் பக்கம் செம்பனைக்குள் போய்விட்டது. உறுமி காதைப் பிளந்தது. சனங்கள் ஓடிப்போய் வாழையில் இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார்கள்.

அண்ணன் வில்லை இவர் கையில் கொடுத்தான். என்னைத் தாண்டி, வாழையைத் தாண்டி, நேராகச் செம்பனைக்குள் நடந்தான். அவ்வளவுதான், போய்விட்டான் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் ரோடு கிடையாது என்பதுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. கொஞ்ச தூரம் போனவன் குனிந்தான். புல்லை இரண்டு கையாலும் விலக்கினான். நிமிர்ந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போய் மறுபடியும் குனிந்தான். அம்பைத் தேடுகிறான். இவர் வில்லைப் பூசாரியிடம் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

அம்மன் கோயிலுக்குத் திரும்பினாள். கூட்டம் அவளோடு போய்விட்டது. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். கறுத்த அம்பு, கறுத்த மண். கோயில் பக்கத்திலிருந்து வேன் ஹார்ன் அடித்தது.

"மச்சான், வேன் வந்திருச்சு" என்று இவர் குரல்.

"இருக்கட்டும். அது இங்கதான் எங்கயோ கெடக்கு."

பிறகு, "திலகா! டார்ச்லைட் எடுத்தா!" என்று அண்ணன் உள்ளேயிருந்து கத்தினான். குரல் கரகரத்திருந்தது. ஆனால் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான்.

வீட்டுக்கு ஓடி டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியில் வேன்காரன் என்னமோ கேட்டான், நான் நிற்கவில்லை. அண்ணன் உள்ளே ரொம்ப தூரம் போயிருந்தான். வெள்ளைச் சட்டை மட்டும் ஏறி இறங்கி நகர்ந்துகொண்டிருந்தது. இவர் இந்தப் பக்கம் ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றார்.

"இங்க இல்ல மச்சான்!" என்று கத்தினார். "இன்னும் உள்ள போயிருக்கும், அந்தப் பக்கம் பாருங்க!"

டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் இவர் காலில் விழுந்தது. செருப்புக்கு அடியில் அமுங்கிய புல்லுக்குள்ளிருந்து வான்கோழி இறகு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இவர் என்னைப் பார்த்தார். வேன் இன்னொரு முறை ஹார்ன் அடித்தது. அம்பு கிடைத்துவிட்டால் அண்ணன் அதில் ஏறிவிடுவான். நான் டார்ச்சை அண்ணன் இருந்த பக்கமாகத் திருப்பி, புல்லின் மேல் மெதுவாக, விட்ட இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் ஓட்டினேன்.